பெருந்தொற்று மீண்டும் வந்தால்: கடைக்கும் கிளினிக்குக்கும் எந்த வழி?

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அப்போதைய மலேசியப் பிரதமர் முஹிடின் யாசின் அறிவித்தார். 18ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. நடுவே கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். பினாங்கு லெபோ பாசாரில் துணிக்கடை வைத்திருந்தவரும், பிரிக்ஃபீல்ட்சில் உணவகம் நடத்தியவரும், பட்டர்வொர்த்தில் தனி மருத்துவராகக் கிளினிக் நடத்தியவரும் அந்த ஒரு நாளிலும் அடுத்த சில வாரங்களிலும் எடுத்த முடிவுகளின் சுமையை நெடுங்காலம் தாங்க வேண்டியிருந்தது. ஜார்ஜ்டவுனில் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் அந்தச் சுமையைப் பேரேட்டுப் பக்கங்களில் நான் பார்த்திருக்கிறேன். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எந்த வழியில் போவது என்பதை மட்டும், கல்லாவில் பணம் புழங்கும் இப்போதே முடிவு செய்துகொள்ளலாம். கோவிட் காலத்திலும் அதற்கு முன்னும் வெளியான மேலாண்மை ஆய்வுகள் காட்டும் வழிகளை நம் ஊர் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்க்க இங்கே முயல்கிறேன்.

2020இல் ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் ஜர்னல் என்ற ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, நெருக்கடிக் காலத்தில் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பதை நான்கு வகையாகப் பிரித்தது: செலவைச் சுருக்குதல், இருக்கும் தொழிலை அப்படியே தாங்கிப் பிடித்தல், புதிய முறைக்கு மாறுதல், தொழிலை விட்டு வெளியேறுதல். இவற்றில் எது நல்லது என்பது நெருக்கடி எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதையும், கையில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்த நான்கையும் ஒப்பிட நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இந்த வழியில் போக எத்தனை வாரச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும்? போன பிறகு தவறு என்று தெரிந்தால் திரும்பி வர முடியுமா?

செலவுச் சுருக்கம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆள் குறைப்பு, கிளையை மூடுதல், சரக்குக் கொள்முதலை நிறுத்துதல் ஆகியவை ஒரே வாரத்தில் பணத்தை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெருந்தொற்றுக்கு முன்பே, 2010இல், ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ வெளியிட்ட ஓர் ஆய்வு, மூன்று பொருளாதார மந்தநிலைகளின் ஊடாக 4,700 நிறுவனங்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மற்றவர்களைவிட வேகமாகவும் ஆழமாகவும் செலவை வெட்டியவர்கள் மந்தநிலை தீர்ந்த பின் போட்டியாளர்களை முந்துவதற்கான வாய்ப்பு 21 விழுக்காடுதான் என்று கண்டது. வேலைமுறையைச் செம்மைப்படுத்திச் செலவைக் குறைத்துக்கொண்டே எதிர்காலத்துக்காகவும் முதலிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு 37 விழுக்காடாக இருந்தது. அவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள். நம் தெருக் கடைகளுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதன் காரணம் பொருந்தும். மலேசியாவில் முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் புதிதாக எடுக்க 2009 முதல் தடை இருந்தது. அத்தகைய துறையில் தேர்ந்த கைகாரர் ஒருவரை ஊருக்கு அனுப்பிவிட்டால், கடை திறந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார வைக்க ஆள் கிடைக்காது. முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கே விடை ‘இல்லை’ என்றே வருகிறது. ஆகவே சரக்கையும் மின்சாரத்தையும் வாடகையையும் சுருக்கப் பார்ப்பது நல்லது. கைத்திறன் உள்ளவரைக் கடைசி வரை விடாதிருப்பது அதைவிட நல்லது.

தாங்கிப் பிடிப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஆறு உள்ளூர்ப் பணியாளர்கள் கொண்ட ஒரு துணிக்கடை. ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் என்றால் மாதம் 10,200. ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அது 1,326. வாடகை 4,500, மின்சாரமும் தண்ணீரும் 900, வங்கிக் கடன் தவணை 2,000. சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா முதலிய சில்லறைச் செலவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 19,500 ரிங்கிட் வரும். கடையில் ஒரு சேலைகூட விற்காவிட்டாலும் இந்தத் தொகை மாதந்தோறும் வெளியே போகும். முதல் முடக்கம் 2020 மார்ச் 18 முதல் மே 3 வரை 47 நாள்கள் நீடித்தது. இன்றைய செலவுக்கு அந்த 47 நாள்கள் 30,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கேட்கும்.

இதற்கு எதிரே, பொதுவாகக் கையில் எவ்வளவு இருக்கிறது? 2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அமெரிக்காவில் 5,800க்கு மேற்பட்ட சிறுதொழில்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 43 விழுக்காட்டினர் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். மாதம் 10,000 டாலருக்கு மேல் செலவுள்ள தொழில்களில் பாதிப்பேருக்குக் கையிருப்பு ஏறத்தாழ இரண்டு வாரச் செலவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. அமெரிக்க எண் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நான் கணக்கு எழுதும் கடைகளிலும் நிலைமை அதைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை. நம்மவர்கள் சேமிப்பதில் குறை வைப்பவர்கள் இல்லை. ஆனால் அந்தச் சேமிப்பு நகையாகவும் வீடாகவும் அலமாரி நிறைந்த சரக்காகவும் இருக்கிறது. தீபாவளிக்காக முன்கூட்டியே வாங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பரணில் அடுக்கிய பட்டுச் சேலைகள் இருப்பு ஏட்டில் சொத்தாகத்தான் நிற்கும். மாத முடிவில் அவற்றைக் கொண்டு வாடகை கட்ட முடியாது.

அரசாங்க உதவி இந்த இடைவெளியை எவ்வளவு நிரப்பியது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் திருத்தி அறிவிக்கப்பட்ட சம்பள உதவித்தொகைத் திட்டத்தில், 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஓர் ஊழியருக்கு மாதம் 1,200 ரிங்கிட் என்று மூன்று மாதங்களுக்குக் கிடைத்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஏற்பாட்டில் ஏப்ரல் 1 முதல் ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. மேலே சொன்ன கடைக்கு இரண்டும் அதே அளவில் மீண்டும் கிடைத்தால் மாதச் செலவில் 9,200 ரிங்கிட் குறையும். ஏறத்தாழ பாதிச் சுமை. இது சிறிய உதவி இல்லை. ஆனால் தவணை தள்ளிப்போனதே தவிரக் கடன் தள்ளுபடியாகவில்லை. வாடகை விஷயத்தில் சட்டப் பாதுகாப்பு இன்னும் தாமதமாக வந்தது: ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்ற முடியாதவர்களுக்கு, கடை வாடகைதாரர்கள் உட்பட, ஓரளவு நிவாரணம் தரும் 829ஆம் சட்டம் அரசிதழில் வெளியானது 2020 அக்டோபர் 23ஆம் தேதி. முதல் முடக்கம் தொடங்கி அப்போது ஏழு மாதங்கள் கடந்திருந்தன. அதற்குள் வாடகையைப் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் தீர்த்துக்கொண்டார்கள். முடியாதவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டாம் சுற்று இன்னும் கடுமை. 2021 ஜூன் 1இல் தொடங்கிய முழு முடக்கத்தில், கோலாலம்பூரின் துணிக்கடைகளும் முடிதிருத்தகங்களும் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ இரண்டரை மாதம், கதவைத் திறக்கவில்லை. முதல் சுற்றிலேயே கையிருப்பைக் கரைத்தவர்களுக்கு அப்போது தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டி உணவு கேட்ட குடும்பங்களை நாடு பார்த்தது அந்த மாதங்களில்தான். எனவே தாங்கிப் பிடித்தல் என்பது மூன்று மாதச் சம்பளமும் வாடகையும் தனிக் கணக்கில் இருப்பவர்களுக்கான வழி என்பதே என் முடிவு. நம் எடுத்துக்காட்டுக் கடைக்கு அது ஏறத்தாழ 48,000 ரிங்கிட். மாதம் 1,000 ரிங்கிட் ஒதுக்கினால் நான்கு ஆண்டுகள் ஆகும். தீபாவளி விற்பனையிலிருந்து ஒரு பங்கை எடுத்து வைத்தால் சீக்கிரமே எட்டலாம்.

புதிய முறைக்கு மாறுவது பற்றி 2020இல் மேடை கிடைத்த இடமெல்லாம் பேசினார்கள். மாறியவர்கள் பிழைத்தார்கள் என்பதில் உண்மை உண்டு. ஆனால் எதற்கு மாறினார்கள், எவ்வளவு செலவில் மாறினார்கள் என்பதுதான் ஆராய வேண்டியது. துணிக்கடைகளில் சில, கைப்பேசி ஒன்றை நிறுத்தி வைத்து ஃபேஸ்புக் நேரலையில் சேலைகளை விரித்துக் காட்டி விற்றன. அதற்குத் தேவைப்பட்டது ஒரு விளக்கும், வாடிக்கையாளரோடு கூச்சமின்றிப் பேசும் ஒரு பணியாளரும், அஞ்சல் பைகளும் மட்டுமே. பலிக்காவிட்டால் மறுநாளே நிறுத்திவிடலாம். 2020 நவம்பர் 14 தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னதாகப் பினாங்கு உள்ளிட்ட பெரும்பாலான தீபகற்ப மாநிலங்களில் கட்டுப்பாடு மீண்டும் வந்தபோது, இந்தப் பழக்கம் ஏற்கெனவே கைவந்த கடைகள் கடைசி வார விற்பனையில் ஒரு பகுதியையாவது காப்பாற்றிக்கொண்டன.

உணவகங்களுக்கு இது அவ்வளவு எளிதாக அமையவில்லை. வாழையிலைச் சாப்பாட்டின் வரவேற்பே உட்கார்ந்து, மறுசோறு வாங்கி, ரசத்தோடு முடிப்பதில் இருக்கிறது. அதைப் பொட்டலம் கட்டும்போது விலையும் குறைகிறது, மனநிறைவும் குறைகிறது. விநியோகச் செயலிகள் எடுத்துக்கொள்ளும் தரகோ, மெல்லிய லாபத்தில் ஓடும் உணவகத்தின் லாபம் முழுவதையும் விழுங்கக்கூடியது. அந்த நேரத்தில் கடன் வாங்கி மத்தியச் சமையற்கூடமும் உறைநிலை உணவுக்கான இயந்திரமும் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நெருக்கடியின் நடுவில் போடும் பெரிய முதலீட்டிலிருந்து திரும்பி வர முடியாது. சின்னதாகத் தொடங்கி, பலித்தால் வளர்ப்பது என்ற வகையில் மட்டுமே இவ்வழி சிறுதொழிலுக்கு ஏற்றது. அதுவும் முடக்கம் வருவதற்கு முன்பே, மொத்த விற்பனையில் ஒரு சிறு பகுதியாவது அவ்வழியில் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வெளியேறுவதைப் பற்றி நம் சமூகத்தில் பேசவே தயங்குகிறோம். அப்பா, தாத்தா காலத்துப் பெயர்ப்பலகையை இறக்குவது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. ஆனால் தனிநபர் பெயரில் பதிவான தொழிலின் கடன், உரிமையாளரின் வீடு வரைக்கும் வரும். திவால் நடவடிக்கைக்கான கடன் வரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது என்றாலும், அந்த எல்லையை நெருங்கும் வரை காத்திருப்பவருக்கு மீண்டும் தொடங்கும் வலு இருக்காது. தொழிலாளர் நிலுவையைத் தீர்த்து, சரக்கை விற்று, பெயரைக் காப்பாற்றிக்கொண்டு முதல் சுற்றோடு மூடியவர்களில் சிலர் பிறகு வேறு இடத்தில் திறந்திருக்கிறார்கள். எத்தனை மாதம் நட்டம் வந்தால் மூடுவது என்பதை நல்ல காலத்திலேயே குடும்பத்தோடு பேசி எழுதி வைப்பது, நான்கு வழிகளிலும் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய ஆயத்தம்.

கையிருப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு டொயோட்டா நல்ல சான்று. சரக்கைத் தேக்காமல் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறைக்குப் பெயர் பெற்ற அந்த நிறுவனம், 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மின்னணுச் சில்லு (சிப்) போன்ற முக்கியப் பாகங்களை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குச் சேமித்து வைக்கும்படி தன் வழங்குநர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் நிறுவனங்கள் சில்லு கிடைக்காமல் தொழிற்சாலைகளை நிறுத்தியபோது டொயோட்டா தாக்குப்பிடித்தது. ஆனால் டெல்டா அலை தென்கிழக்காசியாவை வளைத்து, மலேசியா, வியட்நாம் போன்ற நாடுகளில் தொழிற்சாலைகள் முடங்கிய பின், செப்டம்பர் மாத உற்பத்தித் திட்டத்தில் 40 விழுக்காட்டை அதுவும் வெட்ட வேண்டியிருந்தது. 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்து நிற்கும் பினாங்கின் பாயான் லெப்பாசில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொடர்பை விளக்க வேண்டியதில்லை. இருப்பு வாங்கித் தருவது சில மாத அவகாசம். அந்த அவகாசத்தில் சரியான வேலையைச் செய்பவருக்குத்தான் அதனால் பயன்.

மருத்துவத் துறையில் தேர்வு வேறு வடிவம் கொள்கிறது: கட்டில்களையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் பெருக்குவதா, அல்லது நோயாளி வீட்டில் இருக்கும்போதே கண்டறிந்து கவனிக்கும் வலையமைப்பைப் பெருக்குவதா? 2020 மார்ச் இறுதியில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் வெளியான ஒரு கட்டுரை இத்தாலியின் இரண்டு அண்டை மாநிலங்களை ஒப்பிட்டது. ஒரு கோடி மக்கள் உள்ள லொம்பார்டியில் அதுவரை 35,000 பேருக்குத் தொற்றும் 5,000 மரணங்களும். ஐம்பது லட்சம் பேர் உள்ள வெனெட்டோவில் 7,000 பேருக்குத் தொற்றும் 287 மரணங்களும். வெனெட்டோ அறிகுறி இல்லாதவர்களையும் விரிவாகப் பரிசோதித்தது, மாதிரிகளை வீட்டுக்கே சென்று எடுத்தது, மருத்துவப் பணியாளர்களைக் கவனமாகக் கண்காணித்தது. லொம்பார்டி மருத்துவமனையை நம்பியது. அங்குள்ள பெர்காமோ நகரின் மருத்துவர்களே, 48 தீவிர சிகிச்சைக் கட்டில்கள் கொண்ட தங்கள் மருத்துவமனையிலிருந்து எழுதியபோது, மருத்துவமனைகள் தொற்றைப் பரப்பும் இடங்களாக மாறிவருகின்றன என்றும், சமூக அளவிலான பராமரிப்பு தேவை என்றும் எச்சரித்தார்கள்.

இந்த ஒப்பீட்டை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அதே வெனெட்டோ 2020 இறுதியில் வந்த அலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பராமரிப்பும் பரிசோதனையும் தொற்று ஓரளவுக்குள் இருக்கும் வரை மருத்துவமனைக்கு அவகாசம் வாங்கித் தருகின்றன. கைமீறிப் போன பிறகு கட்டில்களும் இல்லாமல் முடியாது.

மலேசியா தொடக்கத்தில் மருத்துவமனை வழியையே எடுத்தது. அறிகுறி இல்லாதவர்களும் சுங்கை பூலோ போன்ற மருத்துவமனைகளிலோ, செர்டாங்கில் வேளாண் கண்காட்சி மண்டபங்களில் அமைக்கப்பட்ட மையத்திலோ சேர்க்கப்பட்டார்கள். தொற்று குறைவாக இருந்த 2020இல் அது நன்றாகவே வேலை செய்தது. அதை இன்று குறை சொல்வது நியாயமாகாது. 2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டில்கள் நிரம்பி, நோயாளிகள் நாற்காலிகளில் ஆக்சிஜனோடு காத்திருந்தபோதும், ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவானபோதும், வீட்டிலிருப்போரைக் கண்காணிக்கும் பொறுப்பை அரசாங்கத்தின் கோவிட் மதிப்பீட்டு மையங்கள் பெரும் நெருக்கடியில் சுமந்தன. ஒவ்வொரு பேட்டையிலும் நோயாளியின் குடும்ப வரலாறே தெரிந்த தனியார் கிளினிக் மருத்துவர்களை அந்தப் பணியில் முன்கூட்டியே இணைத்திருந்தால் சுமை பகிரப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். கட்டிலைக் கூட்டினாலும் அருகில் நிற்க ஆள் வேண்டும். ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலை 26ஆம் தேதி பல மருத்துவமனைகளில் வெளிநடப்புச் செய்தது, ஆள் பலத்தின் நிலையை நாட்டுக்கு வெளிப்படையாகக் காட்டியது.

ஆனாலும் வெனெட்டோவின் முறையை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. கோலாலம்பூரின் மக்கள் வீடமைப்பு அடுக்ககங்களில், ஏறத்தாழ 700 சதுர அடியில், மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் குடும்பத்தில் ஒருவரைத் தனியறையில் இருக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்குச் செர்டாங் போன்ற மையம் வேண்டும். வீட்டில் தனியறை உள்ளவருக்குக் கிளினிக்கின் கண்காணிப்பு, இல்லாதவருக்குத் தங்கும் மையம், மூச்சுத் திணறுபவருக்கு மருத்துவமனை என்று நோயாளியின் வீட்டு நிலையையும் கேட்டுப் பிரிக்கும் முறையே நமக்குச் சரி.

பினாங்கின் தனியார் மருத்துவமனைகள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. 2019இல் சிகிச்சைக்காக மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 12 லட்சம் பேர். அவர்களில் பெரும்பங்கினர் இந்தோனேசியர்கள்; பினாங்குக்கு வருபவர்களிலும் அவர்களே மிகுதி. 2020 மார்ச்சில் எல்லை மூடியதும் அந்த வருகை பெருமளவு குறைந்தது. 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லை முழுமையாகத் திறந்தது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பும் ஆபத்து துணிக்கடைக்கு மட்டும் உரியதில்லை.

சிறு கிளினிக்குக்கு வருவோம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: தொற்று நோயாளிகளையும் பார்க்கத் தயாராவது, அல்லது அவர்களை வேறிடம் அனுப்பிவிட்டு வழக்கமான நோயாளிகளைப் பாதுகாப்பது. 2020இல் உச்ச நெருக்கடியின் 12 வாரங்களில் உலகெங்கும் 2.8 கோடிக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும் என்று ஓர் அனைத்துலக ஆய்வு மதிப்பிட்டது. தொற்று அல்லாத நோயாளி கண்ணில் படாமல் போவதும் உயிரைப் பறிக்கும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாக இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே ஒற்றை மருத்துவர் உள்ள கிளினிக் இரண்டாவது வழியை எடுப்பதே பொறுப்பானது என்று கருதுகிறேன். நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் பட்டியலைத் தொலைபேசி எண்ணோடு தனியே வைத்து, மூன்று மாத மருந்தை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், அவர்கள் காத்திருப்பு அறைக்கே வர வேண்டியதில்லை. இரண்டு மருத்துவர்களும், அஞ்சடியை (கடைவரிசை முன்னுள்ள நடைபாதையை) ஒட்டித் தனி வாசலும் உள்ள கிளினிக், காய்ச்சல் நோயாளிகளை அவ்வாசல் வழியே பார்க்கலாம். அப்போதும் இரு பகுதிக்கும் பணியாளர்களைக் கலக்கக் கூடாது.

கடைக்காரர் வாடகை ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அரசாங்க உத்தரவால் கடை மூடப்படும் காலத்தில் வாடகை பாதியாகும் என்ற ஒரு பிரிவை எழுதக் கேட்க வேண்டும். தொற்று இல்லாத காலத்தில் கட்டட உரிமையாளர் இதற்கு ஒப்புக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. எடுத்துக்காட்டுக் கடைக்கு அது மாதம் 2,250 ரிங்கிட். கிளினிக் மருத்துவர், தாம் தனிமைப்படுத்தப்பட்டால் தம் நோயாளிகளை யார் பார்ப்பது என்பதை அடுத்த தெருவிலுள்ள மருத்துவரோடு பேசி, நோயாளிகளின் சம்மதத்தையும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் வங்கியும் அமைச்சும் தேவையில்லை. இந்த மாதமே செய்யலாம்.